இரண்டரை வயதுக்கு ஒரு காய்கறித் தள்ளுவண்டி

திருநெல்வேலியில் எங்கள் தெருவுக்குக் காலையில் காய்கறித் தள்ளுவண்டி வரும். நாலு சைக்கிள் சக்கரம், மேலே பலகை, பலகைமேல் நனைத்த சாக்கு. அக்கா மகளுக்கு இரண்டரை வயது. வண்டி தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நிற்பாள். அப்புறம் உள்ளே வந்து பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டுத் தள்ளிக்கொண்டே "தக்காளி... வெங்காயம்..." என்று கூவுவாள். ஸ்டூல் தரையில் இழுபடும், திடீரென்று சிக்கி நிற்கும், அவள் அதன்மேல் போய் விழுவாள். சரி, அவள் உயரத்துக்கு ஒரு தள்ளுவண்டியே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

கடையில் கிடைக்கும் குட்டிக் கார், லாரியைவிடத் தள்ளுவண்டி இந்த வயதுக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். அதில் இருப்பது பலகை, சக்கரம், பிடி, அவ்வளவுதான். கார் பொம்மைக்கு முகப்பு விளக்கும் கதவும் வரைந்துவிட்டால் அது காராகவே இருக்கும். வெறும் பலகையில் குழந்தை எதை வைக்கிறதோ அதுவாக வண்டி மாறிக்கொள்ளும். அதனால் அலங்காரத்துக்கு நேரம் செலவழிக்கவில்லை. என் கவனமெல்லாம் ஒன்றில்தான் இருந்தது: குழந்தை எப்படித் தொங்கினாலும் வண்டி கவிழக் கூடாது.

மரம் வாங்குவதற்கு முன்னால் பாப்பாவை அளந்தேன். உயரம் 89 செ.மீ., நின்றால் முழங்கை தரையிலிருந்து 52 செ.மீ., எடை பன்னிரண்டரை கிலோ. தள்ளுகிற பிடி முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால் கை இயல்பாக மடங்கும். எனவே பிடி 48 செ.மீ. பலகை 30 செ.மீ. உயரத்தில். தள்ளும்போது வண்டி, நிறுத்தினால் கடை மேசை. அவள் நின்றபடியே காய் எடுத்துக் கொடுக்க அந்த உயரம் தோது. பலகையின் நீளம் 45, அகலம் 30. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 36 செ.மீ.

கவிழ்வது பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். குழந்தை பிடியைப் பிடித்துக்கொண்டு நேராக நடப்பது கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் அதில் சாய்ந்து நிற்கும், தொங்கும், கீழே கிடப்பதை எடுக்கக் குனிந்துவிட்டு அதையே அமுக்கி எழும். பிடி பின் சக்கரத்தின் அச்சைவிட எவ்வளவு தூரம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த எடை நெம்புகோலாக வேலை செய்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். என் வண்டி வெறுமனே மூன்றரை கிலோ. அதன் எடை மையம் பின் அச்சிலிருந்து 18 செ.மீ. முன்னால். இரண்டையும் பெருக்கினால் 63. பிடி 15 செ.மீ. பின்னால் சாய்ந்திருந்தால் 63ஐ 15ஆல் வகுக்க வேண்டும்: நாலேகால் கிலோ அழுத்தினாலே முன் சக்கரம் எழும்பும். ஒரு வயதுக் குழந்தை கையூன்றினால்கூட அவ்வளவு வந்துவிடும். நடைபழகும் வண்டிகள் சில, பிடியை அழகாகப் பின்னால் வளைத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

பிடியை அச்சுக்கு நேர் மேலே வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அப்போது குழந்தையின் கால்விரல் ஒவ்வொரு எட்டுக்கும் பின் சக்கரத்தில் இடிக்கும். எனவே 5 செ.மீ. மட்டும் பின்னால் விட்டேன். அப்படி வைத்தால் கவிழ்க்கப் பன்னிரண்டரை கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். அது பாப்பாவின் முழு எடை. அதாவது, அவள் மொத்தமாகத் தொங்கினால் வண்டி யோசிக்கும். இதற்குத் தெருவில் வரும் அசல் வண்டியிலேயே வழி இருக்கிறது. மேல் பலகைக்குக் கீழே இன்னொரு தட்டு கட்டி, விற்காத சரக்கையும் எடைக்கல்லையும் சாக்கில் சுற்றி வைத்திருப்பார்கள். நானும் கீழ்த்தட்டு ஒன்று வைத்து, அதில் முன் அச்சை ஒட்டி ஒன்றரை கிலோ மணலை இரட்டைத் துணிப்பையில் தைத்து, மேலே பலகை போட்டுத் திருகி மூடினேன். இப்போது கவிழ்க்க 22 கிலோ வேண்டும். எடை கீழேயே இருப்பதால் பக்கவாட்டில் இழுத்தாலும் வண்டி அசராது.

ரீப்பர் கட்டைகளை மரக்கடையில் ஒன்றரைக்கு ஒன்று அங்குலத்தில் இழைத்தே வாங்கினேன். மேல்தட்டும் கீழ்த்தட்டும் 12 மி.மீ. பிளைவுட். பேக்கிங் பெட்டியிலும் பேலட்டிலும் வரும் பைன் பலகை மலிவு, இழைக்கவும் சுகம். அதை எடுப்பவர்கள் பலகையில் சுட்டிருக்கும் முத்திரையைப் பார்த்து எடுங்கள். வெளிநாட்டுச் சரக்கோடு வரும் மரத்தில் பூச்சி இருக்கக் கூடாது என்பதற்காக வைக்கும் முத்திரை அது. 'ஹெச்.டி.' என்றிருந்தால் சூடுபடுத்திய மரம், தாராளமாக எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையிட்டது; குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு அது வேண்டவே வேண்டாம். முத்திரையே இல்லாத பலகை எந்தக் கிடங்கில் எதைத் தாங்கிக் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதையும் விட்டுவிடுவது நல்லது.

சக்கரத்துக்குக் கிளையைக் குறுக்கே அறுத்த வில்லைகளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். வளையங்கள் தெரிய, பார்க்க மிக அழகு. ஆனால் மரம் காயும்போது ஆரத்தின் திசையில் சுருங்குவதைவிடச் சுற்றளவின் திசையில் அதிகமாகச் சுருங்கும். முழு வில்லையில் அந்த வித்தியாசத்துக்குப் போக்கிடம் இல்லாததால், விளிம்பிலிருந்து நடு வரை முக்கோணமாக வெடித்துவிடும். வெடித்த இடத்தில் விரல் நசுங்கும், சிலாம்பு ஏறும். எனவே பிளைவுட்டை இரண்டடுக்காகப் பெவிகால் தடவி ஒட்டி, கிளாம்ப் போட்டு ஓர் இரவு வைத்து, கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

கட்டில் காலும் பூரிக் கட்டையும் கடைகிற பட்டறை அது. "அண்ணாச்சி, பன்னிரண்டு செ.மீ. விட்டத்தில் நாலு சக்கரம், கூடவே ஒரு பிடி" என்றதும், யாருக்கு என்று கேட்டார். குழந்தைக்கு என்றதும் சக்கரத்தின் ஓரத்தைத் தானாகவே உளி வைத்து மழுக்கிக் கொடுத்தார். பிடிக்கு வேப்பங்கட்டையில் ஒரு துண்டு எடுத்து, நடுவில் சற்றுத் தடித்து, இரு ஓரமும் மெலிந்து வருகிற மாதிரி கடைந்தார். இரண்டரை வயதுக் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க 25 மி.மீ. போதும்.

எங்கள் பக்கத்தில் கடைசல் என்றால் அம்பாசமுத்திரத்துச் சொப்பு சாமான்தான். மஞ்சள் கடம்பில் கடைந்த அடுப்பும் அம்மியும் ஆட்டுரலும் இல்லாமல் இந்த வட்டாரத்தில் பிள்ளைகள் வீட்டு விளையாட்டு விளையாடியதில்லை. அங்கே சாயம் ஏற்றுவது பார்க்க வேண்டிய வேலை. மரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படரும். கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்திலும் இதே முறைதான். அங்கே மரம் வெட்பாலை, மெருகேற்றத் தாழை ஓலை. எந்தப் பெயின்டும் தராத பளபளப்பு அது. அண்ணாச்சியிடம் அரக்குக் குச்சி இல்லை. இருந்திருந்தால் சக்கரத்துக்கு அதையே ஏற்றச் சொல்லியிருப்பேன்.

சக்கரத்தை மாட்டுவதில்தான் வண்டியின் ஆயுள் இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக 10 மி.மீ. போல்ட் போட்டேன். ஹார்டுவேர் கடையில் நுனி வரை மரை ஓடும் போல்ட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். பாதிக்கு மேல் மரை இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும் போல்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும். சக்கரம் உட்கார்ந்து சுழலும் இடத்தில் மரை இருந்தால், அது அரம் போலத் துளையை அராவிப் பெரிதாக்கிவிடும். தலை உருண்டையாக இருக்கும் போல்ட் வெளிப்பக்கம் வரட்டும். குழந்தையின் கணுக்கால் அங்கேதான் உரசும். வெளியிலிருந்து உள்ளே வரும் வரிசை இது: போல்ட் தலை, வாஷர், சக்கரம், வாஷர், வண்டிக் கால், வாஷர், நைலாக் நட். உள்ளே நைலான் வளையம் உள்ள இந்த நட்டை எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அங்கேயே நிற்கும். சாதாரண நட்டாக இருந்தால் சக்கரம் சுற்றச் சுற்ற ஒரு பக்கத்தில் இறுகும், மறுபக்கத்தில் கழன்று வரும். நட்டை இறுக்கி, சக்கரம் சுற்ற மறுக்கும் இடத்திலிருந்து அரைச் சுற்றுத் திருப்பி விட்டேன். துளைக்குள் கிரீசுக்குப் பதில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். கிரீஸ் கையில் ஒட்டினால் அடுத்து வாய்க்குத்தான் போகும்.

சக்கரத்துக்கும் காலுக்கும் நடுவே விடும் இடைவெளிக்கு ஒரு கணக்கு உண்டு. ஒன்று, 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 12 மி.மீ.க்கு மேல். நடுவில் உள்ள அளவில்தான் குழந்தையின் விரல் நுழையும், நுழைந்தது மாட்டும். நான் வாஷரை வைத்து 3 மி.மீ.யில் நிறுத்தினேன்.

மர சக்கரம் டைல்ஸ் தரையில் வழுக்கும், சத்தமும் போடும். பஞ்சர் கடையில் தூக்கிப்போடும் ஸ்கூட்டர் டியூபைக் குறுக்கே ஓர் அங்குல அகலத்தில் வெட்டினால் ரப்பர் வளையம் கிடைக்கும். அதை இழுத்து மாட்டினால் சக்கரத்தில் கச்சிதமாக உட்காரும். சைக்கிள் டியூப் சிறிசு. இவ்வளவு இழுத்தால் அறுந்துவிடும். ரப்பர் போட்டபின் வண்டி மிதியடியின் ஓரத்தில் தயங்காமல் ஏறுகிறது. 12 செ.மீ. சக்கரம் வைத்ததற்கும் அதுதான் காரணம். சிறிய சக்கரம் மிதியடியில் முட்டி நிற்கும்; தள்ளிக்கொண்டு ஓடிவரும் குழந்தை நிற்காது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் கடையில் விற்கும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் செய்வதை யாரும் சோதிக்கப் போவதில்லை. அதனாலேயே அந்தச் சோதனைகளில் முடிந்தவற்றை நாமே செய்துவிட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பொம்மையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் அடங்கிவிடும் உதிரிப் பாகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. குழந்தையின் தொண்டையை மனத்தில் வைத்து வகுத்த அளவு அது. நான் 40 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு துண்டு அறுத்து வைத்துக்கொண்டேன். உள்விட்டம் சற்றுப் பெரிது என்பதால் சோதனையும் சற்றுக் கடுமை. அதற்குள் விழும் எதுவும் வண்டியில் ஏறாது. சின்ன வெங்காயம் விழுந்தது, பச்சைப் பட்டாணியும் விழுந்தது. உருளைக்கிழங்கு, கத்திரிக்காய், பீர்க்கங்காய்த் துண்டு தேறின. வாழைக்காய் பற்றிச் சந்தேகமே இல்லை.

ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. ஆட்டத்தில் ஆணி மெல்ல மேலே வரும். எல்லா மூட்டிலும் பெவிகாலும் ஸ்க்ரூவும். ஸ்க்ரூ தலையை உள்ளே அமிழ்த்தி, குழியை மரத்தூளும் பெவிகாலும் பிசைந்து அடைத்தேன். ஓரங்களை அரத்தால் உருட்டி, 80, 120, 220 என்று உப்புத்தாள் போட்டேன். கண்ணுக்குத் தெரியாத சிலாம்பைக் கண்டுபிடிக்க ஒரு பிடி பஞ்சு போதும். மரத்தின்மேல் அதை இழுத்துக்கொண்டே போனால், சிலாம்பு இருக்கும் இடத்தில் ஒரு நூல் சிக்கிக்கொண்டு நிற்கும். பிளைவுட்டின் வெட்டுமுகத்தில்தான் அதிகம் சிக்கியது.

வண்ணம் பூசுவதில் அக்காவுக்கும் எனக்கும் பேச்சு நீண்டது. வீட்டில் கேட்டுக்கு அடித்த எனாமல் பெயின்ட் மிச்சம் இருந்தது. "அதையே அடிச்சிடேன், பளிச்சுன்னு இருக்கும்ல" என்றாள். வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் டப்பா அதற்கும் முந்தையது. பழைய பெயின்ட் உரிந்து குழந்தையின் வாய்க்குப் போவதை நினைத்துப் பார்த்தால் பளிச்சென்ற நிறம் ஒரு பொருட்டே இல்லை. அதைச் சொன்னதும் அக்காவே டப்பாவை மாடிக்கு அனுப்பிவிட்டாள்.

தேங்காய் எண்ணெய் பூசலாம் என்று சிலர் சொல்வார்கள். அது மரத்தில் காயாது; பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும், பின்னால் சிக்கு வாடை அடிக்கும். கடையில் விற்கும் 'பாயில்டு' ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்த்திருக்கலாம். நான் அரக்கு பாலிஷுக்கே போனேன். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போடும் அதே அரக்குதான், ஸ்பிரிட்டில் ஊறவைத்தது. மொட்டை மாடியில் காற்றாட நின்று பூசி, ஸ்பிரிட் வாடை துளியும் இல்லாமல் போகும் வரை வெளியிலேயே வைத்தேன். சக்கரத்துக்கு மட்டும் மஞ்சள் தூளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி முதல் பூச்சாகக் கொடுத்தேன். நல்ல மாம்பழ நிறம் வந்தது. ஆனால் வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும். அரக்கும் சோப்பைத் தாங்காது. எனவே இந்த வண்டியை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

தராசு இல்லாத காய்கறி வண்டியைப் பாப்பா ஒப்புக்கொள்ள மாட்டாள். ஒரே அளவில் இரண்டு கொட்டாங்குச்சி எடுத்து, நாரெல்லாம் சுரண்டி, ஓரம் தேய்த்துத் தட்டாக்கினேன். தண்டு ஓரடி நீளக் குச்சி. தட்டு தொங்கும் இரண்டு துளையும் ஒரு கோட்டில் இருக்க, நடுவில் தராசைத் தாங்கும் துளை அந்தக் கோட்டுக்கு அரை செ.மீ. மேலே இருக்க வேண்டும். ஒரே கோட்டில் போட்டால் தண்டு எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும், கீழே போட்டால் ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடும். மேலே போட்டால்தான் ஆடி ஆடி நடுவுக்கு வரும். தட்டுக் கயிறு 12 செ.மீ.தான், கழுத்தைச் சுற்றும் நீளத்தில் வண்டியில் எங்கேயும் கயிறு இல்லை. அதே காரணத்துக்காக முன்னால் இழுக்கும் கயிறும் வைக்கவில்லை. தராசுக் கம்பம் பலகையில் ஒரு துளைக்குள் செருகி எடுக்கிற மாதிரி. எடைக்கல்லுக்கு ரீப்பரில் மிஞ்சிய கட்டைகள்.

வண்டி வந்த அன்றே கூடத்தில் கடை விரிந்தது. எல்லாக் காயும் பத்து ரூபாய். தராசில் கத்திரிக்காயை வைத்து, எதிர்த் தட்டில் கட்டையை வைத்து, தண்டு ஆடி நிற்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். நின்றதும் "சரியா இருக்கு" என்று சொல்லிக் காயை எடுத்துப் பையில் போடுவாள். காசு வாங்கியபின் நான் நகர்ந்தால் "மாமா, இரு" என்று கூப்பிட்டு, ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலையைப் பையில் செருகுவாள். தெருவில் காய்காரம்மா அக்காவுக்குக் கொசுறு போடும் கைவாகு அப்படியே இருந்தது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தராசுக் கம்பத்தை உருவும் ஏற்பாடு நினைத்ததைவிட அதிகம் பயன்படுகிறது. அதை எடுத்துவிட்டால் மாலையில் வண்டி குப்பை வண்டி; வீடு முழுக்கக் கிடக்கும் காகிதமும் செருப்பும் அதில் ஏறும். கரடிப் பொம்மையைப் படுக்கவைத்தால் ஆம்புலன்ஸ். சைரன் சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிசு.

சில மாதம் ஓடியபின் ஒரு பராமரிப்பு பார்த்தேன். வலது பின் சக்கரம் லேசாகத் தள்ளாடியது. அவள் எப்போதும் அந்தப் பக்கமாகவே திருப்புவதால் அதன் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. துளையைப் பெரிதாக்கி, போல்ட் சரளமாக நுழையும் அளவில் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டைப் புஷ்ஷாக இறக்கி, இரு முனையையும் சக்கரத்தின் மட்டத்துக்கு அராவினேன். ஆட்டம் போய்விட்டது. இன்னொன்று செய்தால் நான்கிலும் முதலிலேயே புஷ் போட்டுவிடுவேன். ரப்பர் வளையம் ஒன்று தளர்ந்திருந்தது. பழைய டியூபில் இன்னொன்று வெட்டி மாட்டினேன். அரக்கு, பிடியில் மட்டும் மங்கியிருந்தது. அங்கே மட்டும் தேய்த்துவிட்டு மறுபடி ஒரு பூச்சு.

ஒரு வயதுக் குழந்தைக்கு இதே வண்டியைச் செய்பவர்கள் பிடியை 40 செ.மீ.க்கு இறக்கி, பின் சக்கர நட்டுகளை இன்னும் கால் சுற்று இறுக்குங்கள். வண்டி கனமாக நகரும், குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடாது. தராசு அப்போது வேண்டாம். எங்கள் வண்டியில் பிடி நிற்கும் கம்பத்தில் 48க்கு மேலே 54லும் ஒரு ஜோடித் துளை போட்டு, மரக்கட்டையால் அடைத்து வைத்திருக்கிறேன். பாப்பாவின் முழங்கை இப்போது 54க்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று செ.மீ. வளர்ந்ததும் பிடியை மேலே ஏற்ற வேண்டும். ஏற்றினால் கிடைமட்டமாகத் தள்ளும் விசைக்கு நெம்பும் தூரம் கூடும் என்பதால், கீழ்த்தட்டில் இன்னும் அரை கிலோ மணலுக்கு இடம் விட்டிருக்கிறேன்.